அதற்குத் தமிழ் தெரியாது

நிரல் எழுதும் செயற்கை நுண்ணறிவுக்குத் தமிழ் தெரியாது என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. பொங்கோல் வட்டாரத்தில் இன்னும் கடன் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டையும், அந்தக் கடனைக் கட்டச் சம்பளம் தரும் வேலையையும் அந்த நம்பிக்கையின் மேல் தூக்கி வைத்தேன்.

என் துறையில் புதிதாக எது வந்தாலும் முதலில் பதறுகிறவன் நான்தான். சுட்டியால் பெட்டிகளை இழுத்துப் போட்டே நிரல் எழுதலாம் என்று ஒரு கருவி வந்தபோது, இனி நமக்கு வேலை கிடையாது என்று மலரிடம் சொன்னேன். அப்போதுதான் எங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. (அவ அப்பவே ஓடியிருக்கலாம், ஓடல.) அலுவலகக் கணினிகளையெல்லாம் வேறெங்கோ இருக்கும் கட்டடத்துக்கு மாற்றியபோது, பரோட்டாக் கடைதான் நம் எதிர்காலம் என்று அறிவித்துப் பயிற்சியும் எடுத்தேன். அந்த மாவு இன்னும் எங்கள் சமையலறைக் கூரையில் இருக்கிறது.

எங்கள் நிறுவனம் தீவு முழுக்கப் பூ, மீன், கேக் என்று எல்லாவற்றையும் வேனில் கொண்டுபோய்ச் சேர்க்கும். எந்த வேன் எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்கிற நிரல் நான் எழுதியது. சென்ற ஆண்டு எங்கள் மேலாளர் லிம் என் தோளில் கை வைத்து, ‘லா’ போட்டுப் பேசும் எங்கள் ஊர் ஆங்கிலத்தில் சொன்னார்.

“மணி, இனிமே புரோகிராமையெல்லாம் அந்த ஏஐ மிஷினே படிச்சுப் புரிஞ்சுக்கும். நீ ரிலாக்ஸ் பண்ணு லா.”

மேலாளர் ஒருவர் நம்மை ரிலாக்ஸ் பண்ணச் சொன்னால் வேறு யாரோ நம் நாற்காலியை அளவெடுக்கிறார்கள் என்று அர்த்தம். எனவே திட்டம் போட்டேன். நிரலில் வரிகளுக்கு நடுவே, படிக்கிற மனிதருக்காக விளக்கக் குறிப்புகள் எழுதிவைப்போம். என் நிரலில் ஆங்கிலத்தில் இருந்த குறிப்புகளை எல்லாம் அழித்துவிட்டுத் தமிழில் எழுதினேன். கருவி படிக்கும், முழிக்கும். பிறகு எல்லாரும் என்னிடம்தானே வந்தாக வேண்டும்?

அலுவலகத்தில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது என்பதால் கை தாராளமாக ஓடியது. மாதிரிக்கு ஒன்று: “இது ஏன் இப்பிடின்னு கேக்காதீங்க. லிம் காலைல ஒண்ணு சொல்வாரு, சாப்பிட்டுட்டு வந்து வேற சொல்வாரு. இது சாப்பாட்டுக்கு அப்புறம் சொன்னது.”

எச்சரிக்கை வராமலில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் மலர் வாவல் மீனைப் புரட்டிப் பார்த்து, “நேத்து மீனை நம்ம தலைல கட்டப் பாக்குறாரு, வாங்க போவோம்” என்றாள் என்னிடம்.

“நேத்து மீன் இல்லக்கா. செவுளைப் பாருங்க” என்றார் சீன மீன்காரர், நல்ல தமிழில்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மீனையும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து மிச்சக் குறிப்புகளை எழுதி முடித்தேன்.

செயல்விளக்க நாள் வந்தது. கூட்ட அறையில் அலுவலகமே உட்கார்ந்திருந்தது. லிம் பெரிய திரையில் கருவியைத் திறந்து, இருப்பதிலேயே பழைய நிரலை விளக்கச் சொன்னார். இருப்பதிலேயே பழையது என்னுடையது. நான் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தேன். (அந்தத் தெனாவட்ட நீங்க பாத்திருக்கணும்.)

கருவியிலிருந்து ஒரு பெண் குரல் இனிமையான ஆங்கிலத்தில் தொடங்கியது. “இந்த நிரலின் குறிப்புகள் பேச்சுத் தமிழில் உள்ளன. எழுதியவர் கூறுவதாவது: லிம் காலையில் ஒன்று சொல்வார்...”

முழுவதையும் சொன்னது. நான் எழுதியதைவிடக் கோவையாகவே சொன்னது. குரல் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசல் தெருவில் வேன் போகக் கூடாது, தொழுகை முடிந்து கூட்டம் வரும். தீபாவளிச் சந்தை போட்டிருக்கும்போது சிராங்கூன் சாலைப் பக்கமே போகக் கூடாது. வாடை தூக்கும் டுரியான் பழத்தையும் பிறந்தநாள் கேக்கையும் ஒரே வேனில் ஏற்றக் கூடாது, பாசிர் ரிஸ்ஸில் ஒரு குழந்தை மெழுகுவத்தியை ஊதாமல் அழுதது.

லிம் திரையை அணைத்தார்.

“நான் சாப்பிட்டதும் மனசு மாத்துறேனா?” என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார். யாரும் “இல்லை” என்று சொல்லவில்லை. அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. என் பக்கம் திரும்பி, “மணி, நாளைலேருந்து நீ வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் படிக்கட்டில் உட்கார்ந்து மலரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“அதுக்குத் தமிழ் தெரியும் மலரு.”

“தெரியுமே. யாழினி தமிழ்க் கட்டுரை எல்லாம் அதுகிட்ட கேட்டுத்தானே எழுதுறா?”

யாழினி எங்கள் மகள், உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். திடீரென்று அவள் தமிழ் மதிப்பெண் ஏறியபோது, அது என் ரத்தம் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லித் திரிந்தவன் நான்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க பெருமையா இருந்தீங்க. கெடுப்பானேன்னு விட்டுட்டோம். ஆமா, இப்ப எதுக்குங்க இதெல்லாம்?”

சொன்னேன். “பரோட்டா மாவு வாங்கி வைக்கவா?” என்றாள்.

மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது லிம் பல்குத்தும் குச்சியோடு வந்து நின்றார். சிக்கன் ரைஸ் வாசனை வந்தது.

“அந்த டுரியான் ரூல் எதுக்குன்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியல. அடுத்த வாரம் எடுத்துடலாம்னு இருந்தேன்” என்றார். குச்சியை வாயின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார். “நாளைக்கு வா. மத்தவங்க புரோகிராமுக்கும் நீயே குறிப்பு எழுது. தமிழ்லயே எழுது லா, அது படிச்சுக்கும். என்னைப் பத்தி மட்டும் வேணாம்.”

இன்றும் அந்த வேலைதான் செய்கிறேன். கல்யாண வீடுகளில் இளைஞர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, “அங்கிள், ஏஐ வந்தும் நீங்க எப்பிடித் தாக்குப்பிடிச்சீங்க?” என்று கேட்கிறார்கள். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு அனுபவம், தொலைநோக்கு, தாய்மொழிப் பற்று என்று ஆரம்பிப்பேன். இரண்டாவது வாக்கியத்துக்குள் பின்னாலிருந்து மலரின் குரல் வந்துவிடும்.

“லிம் அன்னைக்கு நல்லா சாப்பிட்டாரு.”

அவ்வளவுதான் நடந்தது. லிம் சாப்பிட்டுவிட்டு வந்தார், மனத்தை மாற்றிக்கொண்டார்.