ஜலதோஷ மாப்பிள்ளை

நான்காம் நாள் காலையில் மூக்கடைப்பு விட்டது. உப்பிலி அதைத் திரும்ப வரவழைக்க வழி தேடினான்.

செங்கற்பட்டு தாலுகா ஆபீஸ் குமாஸ்தா உப்பிலிக்குப் பிறவியிலேயே கீச்சுக் குரல். கடைத்தெருவில் பின்னால் நின்று பேசினால் ஜனங்கள் அம்மாவுக்கு வழி விடு என்று ஒதுங்குவார்கள். போன ஞாயிறு சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பெண் பார்க்கப் போனபோது மட்டும் கடும் ஜலதோஷம். "அடியேன் உப்பிலி" என்று அவன் சொன்னது, கல்மண்டபத்துக்குள் சொன்னதுபோல் கம்மென்று முழங்கியது. பெண்ணின் அப்பா வெங்கடராகவன் கண்ணை மூடி ரசித்தார்.

"குரல்னா இதுன்னா குரல். வர ஞாயித்துக்கிழமை ஒரு பாசுரம் சேவியுங்கோ. அன்னிக்கே நிச்சயம் பண்ணிடலாம்."

கதவோரம் நின்ற வத்சலா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்காக ஆயுள் முழுக்கச் சளி பிடித்துக் கிடக்கவும் அவன் தயார்.

முதலில் விடியற்காலை கொளவாய் ஏரியில் முங்கி எழுந்தான். உடம்பு முன்னைவிடத் தெம்பாயிற்று. மூன்று வேளையும் தயிரும் பழையதும் சாப்பிட்டான். நன்றாகப் பசி எடுத்தது. ஆபீஸ் பியூன் சின்னராசு விஷயத்தைக் கேட்டுவிட்டு, சிரிக்காமல் யோசனை சொன்னான்.

"மகாபலிபுரத்துக்குப் போய் ஈரத்துணியோட குந்து சார். அந்தக் காத்துக்கு அங்க கீற கல்லானையே தும்மும்."

சனிக்கிழமை பகல் முழுவதும் உப்பிலி அப்படியே உட்கார்ந்திருந்தான். ஜலதோஷம் வரவில்லை. இருந்த குரலிலும் பாதி போய்விட்டது.

ஞாயிறன்று பெண் வீட்டில் பெருமாள் படத்துக்கு எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்தான். ஒரு பாசுரம் முழுவதும் கொசு பாடுவதுபோல் வெளிவந்தது. வத்சலா தலைகுனிந்துகொண்டாள். ஏமாற்றித் தாலி கட்ட அவனுக்கு மனம் வரவில்லை.

"மன்னிக்கணும். இதுதான் என் குரல். அன்னிக்குப் பேசினது ஜலதோஷம்."

வெங்கடராகவன் புன்னகை மாறாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூச்சப்படாதேள். ஆரம்பியுங்கோ" என்றார்.

காப்பி டம்ளரை வைக்கக் குனிந்த வத்சலாவின் அம்மா கோமளம், கணவர் பக்கத்தில் இருக்கும்போதே, குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்:

"ரெண்டு வருஷமா நானும் வத்சலாவும் பேசறதே அவர் காதுல விழறதில்லை, வெளியே சொல்ல வெட்கம், வீட்டுல ஒரு குரலாவது கேக்கட்டும்னுதான் கனத்த குரலாத் தேடினார், நீங்க கிட்டக்கப் போய்க் காதோட சொல்லுங்கோ, மாப்பிள்ளை."