மாடியறைப் பெண் சொன்ன "கௌலெ"

அண்ணாமலையார் துணை.

அன்புள்ள கன்னியம்மாள் அக்காவுக்குத் தங்கை சரோஜா வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், நம் மாடியறையில் குடியிருக்கும் சீனத்துப் பெண் லின்னின் வயிறு ஒன்றைத் தவிர. போனில் சொன்னால் மாமா சிரிப்பார், அதனால்தான் கடிதம்.

இவர் முழங்கால் வலி தீர்ந்தால், ஆசிரமத்துக்கு வரும் அயலூர்க்காரர் ஒருவருக்கு ஒரு மண்டலம் மனம் குளிரச் சோறு போடுவதாக வேண்டிக்கொண்டேன் அல்லவா? வலி தீர்ந்தது, லின்னை உட்கார வைத்தேன். முதல் நாளே சாம்பார் ஊற்றும்போது "கௌலெ" என்றாள். சாம்பாருக்கு அவர்கள் ஊர்ப் பெயர் போல என்று இன்னொரு கரண்டி ஊற்றினேன். ரசத்துக்கும் அதையே சொன்னாள். காரம் ஜாஸ்தியோ என்று மிளகாயைக் குறைத்தேன், உப்பு கம்மியோ என்று கூட்டினேன், மோருக்கும் கௌலெ. கடைசியில் வெறும் தண்ணீருக்கும் சொன்னாளே அக்கா, தண்ணீரில் என்ன குறை கண்டுபிடிக்க முடியும்? விருந்தாளி குறையோடு எழுந்தால் வேண்டுதல் என்னாவது என்று எனக்குத் தூக்கமே இல்லை.

நேற்று அவளைப் பார்க்க அவள் ஊர்த் தோழி வந்திருந்தாள். மாடியில் துணி காயப்போடும்போது பார்த்தேன், தோழி பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்ற, லின் "கௌலெ" என்றாள். தோழி நிறுத்திவிட்டாள். அக்கா, ஒரே சொல்லுக்கு நிறுத்திவிட்டாள்! கௌலெ என்றால் 'போதும்' என்று அப்போதுதான் புரிந்தது.

இறங்கி வந்து இவரிடம் சொன்னால், "ஏண்டி, அந்தப் பொண்ணு ரெண்டு கையாலயும் இலையை மூடுச்சே, அப்பவே புரியலையா?" என்கிறார்.

"கையால மூடினா எந்த வீட்டுலங்க நிறுத்துறாங்க? அது மரியாதைக்கு மூடுறது."

"அதானே. நான் தினம் 'போதும் போதும்'னு கத்தறேன், எனக்கே நிறுத்தல, அவளுக்கா நிறுத்தப் போற?"

சாப்பிட்டதும் அவள் கிரிவலம் கிளம்புவதைப் பக்தி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தேன். சாப்பிட்டது செரிக்கத்தான் நடந்திருக்கிறது குழந்தை.

வயிறு நிறைந்தது, மனம் குளிர்ந்ததா? இது கணக்கில் சேருமா, முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? பௌர்ணமிக்கு வந்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் அருணாசலேசுவரர் ஆயுளும் ஆரோக்கியமும் தரட்டும்.

இப்படிக்கு,
சரோஜா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் இதையும் எழுதிவிடுகிறேன். இன்று ஒரே ஒரு கரண்டி ஊற்றிவிட்டு நின்றேன். லின் இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு இலையை என் பக்கம் தள்ளி, சுத்தத் தமிழில் "போதும்!" என்றாள். இவர் போதும் என்று சொல்லச் சொல்ல நான் போடுவதைத் தினமும் பார்த்து, அதற்கு 'இன்னும் ஊற்று' என்று அவளாகவே அர்த்தம் கண்டுபிடித்திருக்கிறாள். நான் திருத்தவில்லை. மூன்று கரண்டி ஊற்றினேன். நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், வரும்போது அரிசி மட்டும் கொண்டு வாருங்கள்.