ஹாரனம்மாவின் குட்டி டிராக்டர்

வாலாஜாபாத் பக்கத்துச் செங்கல் சூளைக்கு முதுகைக் காட்டி நான் நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், காஞ்சிபுரத்துக்கும் பாலாற்றுக்கும் நடுவே யார் பேச்சையும் கேட்காத ஒரே பிறவியைச் சந்தித்தேன். மழையும் வெயிலும்கூட எப்போதாவது நம் பேச்சைக் கேட்டதுண்டு. ஹாரனம்மா கேட்டதில்லை.

சூளையில் மேஸ்திரிக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. பையில் ஒரு லுங்கி, ஒரு சட்டை. முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எனக்கு இது பழக்கம்தான்; வேலை பிடிக்காவிட்டால் கால் தானாகச் சாலைக்கு வந்துவிடும். ஓரிக்கையைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு கூச்சல்.

"ஏய்ய்ய்! ஒத்திக்கோ! ரோடு இன்னா உங்கொப்பன் ஊட்டு வாசலா?"

திரும்பினேன். சிவப்பாக இருந்திருக்க வேண்டிய ஒரு கிழட்டு டிராக்டர். அதன் மேல் ஐம்பது தாண்டிய ஒரு அம்மா. சேலைக்கு மேல் ஆம்பளை சட்டை, தலையில் துண்டு. வண்டியின் ஹாரன் எந்தக் காலத்திலோ போய்விட்டது. ஏன் மாற்றவில்லை என்று பிறகு கேட்டேன். "என் தொண்ட இருக்கசொல்ல அது இன்னாத்துக்கு?" என்றார். அதனால்தான் ஊருக்கு அவர் ஹாரனம்மா. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

"எங்கபா போற?"

"தெரியலக்கா."

"தெரியாத எடத்துக்கு இன்னாத்துக்கு நடந்துக்கினு போற? ஏறு."

மட்கார்டில் ஏறி உட்கார்ந்தேன். வேலைக்கான நேர்காணல் அவ்வளவுதான். தூக்கில் மிச்சமிருந்த கூழைக் கொடுத்தார். மத்தியானத்துக்குள் கலப்பை போல்ட்டை முடுக்கக் கற்றுக்கொண்டேன், சாயங்காலத்துக்குள் இருபது வசவும் வாங்கிக்கொண்டேன்.

அந்த வண்டியில் ரிவர்ஸ் கியரும் கிடையாது. ஒரு சின்னப் பாலத்தில் எதிரே டவுன் பஸ் வந்துவிட்டது. டிரைவர் விளக்கை அடித்துப் பார்த்தார், கையை ஆட்டிப் பார்த்தார். அக்கா இன்ஜினை அணைத்துவிட்டு வெற்றிலையை எடுத்தார்.

"யம்மா, கொஞ்சம் பின்னால எடும்மா!"

"தம்பி, உனுக்கு ரிவர்ஸ் கியர் இருக்குது. எனுக்கு இல்ல. யாரு போவணும், நீயே சொல்லு."

பஸ் பின்னால் போயிற்று. நாற்பது பயணிகளும் ஜன்னல் வழியாக எங்களைத் திட்டினார்கள். அக்கா எல்லோருக்கும் கையசைத்தார்.

இந்த நியாயம் சுவரிடம் செல்லவில்லை. பாலாற்றங்கரையில் அக்காவின் ஊரில் வயல்களைத் துண்டு போட்டு மனையாக விற்றுக்கொண்டிருந்தார்கள். மிச்ச வயல்களில் சிலவற்றுக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் காம்பவுண்டு சுவர் எழும்பி, வழி சந்தாகிவிட்டது. "போவும், போவும்" என்று வண்டியை விட்டார். பாதி போயிற்று. பிறகு முன்னாலும் போகவில்லை, பின்னால் போகவோ கியர் இல்லை. இரண்டு வீட்டுக்காரர்களும் ஓடி வந்தார்கள்.

"இன்னாம்மா, செவுத்த ஒடைச்சிட்டியே!"

"நான் ஒடைச்சனா? என் வண்டி உன் கண்ணாலத்துக்கு முன்னாலேர்ந்து இந்த வழியா போயிக்கினு இருக்குது. உன் செவுரு போன மாசம் வந்து குறுக்க நிக்குது. போயி உன் செவுத்த கேளு."

பொக்லைன் வைத்து வாலைப் பிடித்து இழுப்பதுபோல் வண்டியை வெளியே எடுத்தோம். அன்றைக்கே அக்கா முடிவு செய்துவிட்டார். பழையதைக் கொடுத்துவிட்டுக் குட்டி டிராக்டர் வாங்கப்போகிறார்.

ஊரே வேண்டாம் என்றது. காரணம் இருந்தது. அந்த ஊரில் ஒரு வழக்கம். ஆடித் திருவிழாவில் அம்மனின் பூப்பல்லக்கை டிரெய்லரில் வைத்து டிராக்டர்தான் இழுக்கும். எந்த வண்டி பல்லக்கை இழுக்கிறதோ, அதுதான் மறுநாள் ஊரில் முதல் உழவு ஓட்டும். முதல் உழவு ஓட்டிய வண்டியைத்தான் அந்தப் போகம் முழுக்க வயலுக்கு வயல் கூப்பிடுவார்கள். மற்ற வண்டி வைத்திருப்பவர்கள் மணல் திட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பல வருஷமாகப் பல்லக்கு அக்காவுடையது. அதன் மேல் கண் வைத்திருந்தவர் பழைய வார்டு மெம்பர். அவரிடம் வீடு அளவுக்கு ஒரு புது டிராக்டர் இருந்தது.

"குட்டி வண்டி பல்லக்க இழுக்குமா? அம்மன் இன்னா சொப்பு வெச்சு வெளயாடறாளா?" என்று டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார் மெம்பர்.

"இழுக்கலன்னா நீயே இழுத்துக்கோ, மெம்பரே. நான் வண்டிய வித்துட்டு உன் மாட்டுக்குப் புல்லு அறுக்க வரேன்" என்றார் அக்கா. டீ கிளாசை வைத்த சத்தத்தில் பெஞ்சே ஆடியது. மெம்பர் இந்தப் பேச்சை மறக்கமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரியும்.

டிராக்டர் கடைக்கு நானும் கூடப் போனேன். டை கட்டிய ஒரு தம்பி "மேடம்" என்று தொடங்கிக் குதிரைத்திறனை விளக்க ஆரம்பித்தான். அக்கா பையிலிருந்து தன் கல்யாணப் பட்டுச் சேலையை எடுத்து உதறினார்.

"யம்மா, பொடவ கடை காந்தி ரோட்டுல இருக்குது."

"வாய மூடிக்கினு அந்த முனைய புடி."

எங்கள் ஊர்ப்பக்கம் எந்தத் தறியில் நெய்தாலும் பட்டுச் சேலையின் அகலம் பெரிதாக மாறாது. இஞ்ச் டேப்பைவிட அக்கா அதைத்தான் நம்பினார். சுவர்களுக்கு நடுவே இருந்த அந்தச் சந்தின் அகலத்தையும் அந்தச் சேலையை வைத்தே அளந்திருந்தார். சேலை அகலத்துக்கு மேல் இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் மிச்சம். ஆகவே வண்டி சேலைக்குள் அடங்க வேண்டும். கடைத் தம்பி ஒரு கரையையும் நான் மறு கரையையும் பிடித்துக்கொண்டு வண்டி வண்டியாக நடந்தோம். முதல் வண்டியில் டயர் வெளியே நீட்டியது. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததில் ஜரிகைக் கரை டயரைத் தாண்டி ஒரு விரல் தொங்கியது.

"இத்த குடு."

"மேடம், மைலேஜு..."

"சந்துக்குள்ள போவாத வண்டிக்கு இன்னாத்துக்குபா மைலேஜு?"

பழைய வண்டியை அங்கேயே விட்டோம். அழுவாரோ என்று முகத்தைப் பார்த்தேன்.

"இன்னாடா பாக்கற? அது வேணும்னா என்னைய விட்டு அழுவட்டும்" என்று சீட்டு மெத்தையை மட்டும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

குட்டி வண்டியில் ஹாரன் இருந்தது. அக்கா ஒரு தடவைகூட அதைத் தொடவில்லை.

திருவிழா வந்தது. பொழுது சாயும் நேரம். பல்லக்கு சம்பங்கியும் ரோஜாவுமாக இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. பையன்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். "யக்கா, இதுக்கு பேட்டரி எங்க போடறது?" என்று ஒருவன் கேட்டான். மெம்பர் தன் பெரிய வண்டிக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, கோயிலுக்குப் பக்கத்திலேயே தயாராக நிறுத்தியிருந்தார்.

தெருவெல்லாம் அழகாகப் போனோம். ஏரிக்கரை மேட்டில்தான் வந்தது வினை. பல்லக்கு விளக்குகளுக்கான ஜெனரேட்டரை வழக்கம்போல் டிரெய்லரின் முன்பக்கம் ஏற்றியிருந்தார்கள். பழைய வண்டிக்கு அது ஒரு பாரமே இல்லை. குட்டி வண்டியோ மேட்டில் மூச்சைப் பிடித்து இழுத்ததும், பின்பக்கம் அழுந்தி, முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பிவிட்டன. அக்கா ஆக்சிலேட்டரை விட்டதும் தொப்பென்று இறங்கின. மறுபடி இழுத்தார். மறுபடி கிளம்பின. கூட்டம் சிரித்தது. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் மெம்பர்.

"சொன்னேனே! ஓட்டறது டிராக்டரா, குதிரையா? என் வண்டிய கொண்டாரச் சொல்லவா?"

நான் டிரெய்லர் சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தேன். அம்மன் பாதி மேட்டில் நிற்கிறாள். இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் ஊர் பெரிய வண்டியைக் கூப்பிடும். அதோடு முதல் உழவு போகும், பிழைப்பும் போகும், டீக்கடையில் விட்ட வார்த்தை மட்டும் நிற்கும்.

அக்கா வண்டி மேல் எழுந்து நின்றார்.

"சிரிச்சவன்லாம் முன்னால வா!"

சிரிப்பு நின்றது.

"வாங்கடா! முன்னால பாரம் இல்ல, அவ்ளோதான். பம்பர் மேல ஏறி நில்லுங்க. மெம்பரே, நீதான் நல்லா சிரிச்ச. உன் ஒடம்புதான் இப்ப அம்மனுக்கு வேணும். ஏறு!"

"நானா?"

"அம்மன் நடுவழில நிக்கிறா. மாட்டேன்னு சொல்றியா? அத்த அவகிட்டயே சொல்லு."

கூட்டம் முழுக்க மெம்பரைப் பார்த்தது. செல்போன்களும் அவர் பக்கம் திரும்பின. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். கூட இரண்டு பையன்கள். முன்சக்கரம் தரையை அழுத்திப் பிடித்தது. வண்டி புகையைக் கக்கிக்கொண்டு மேடேறியது. மேட்டுக்கு அப்புறம் இறங்கிக்கொள்கிறேன் என்றார் மெம்பர். "கோயிலாண்ட இன்னொரு மேடு கீது" என்றார் அக்கா. அந்த மேட்டை நான் இன்றுவரை பார்த்ததில்லை. பானெட்டைக் கட்டிப்பிடித்தபடி மெம்பர் ஊர் முழுக்கச் சுற்றி வந்தார். பின்னால் அம்மன். நடுவில் அக்கா, "ஏய்ய்ய்! ஒத்திக்கோ! மெம்பர் வர்றாரு!"

கற்பூரம் காட்டி முடித்ததும் பெரியவர்கள் வந்து, காலையில் முதல் உழவுக்கு வரச் சொன்னார்கள். அக்கா தலையை மட்டும் ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். குட்டி வண்டியில் சீட்டு ஒன்றுதான். மட்கார்டில் ஒரு பூனை உட்காரலாம், ஆள் உட்கார முடியாது. பல்லக்கு வேலையில் அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

"வெல்டிங் பட்டறைல சொல்லி உனுக்கு ஒரு பலகை வெக்கறேன்."

"பலகை வெச்சா சந்துல செவுரு இடிக்கும்க்கா."

"இடிச்சா இடிக்கட்டும்!"

உண்மையாகவே வைத்துவிடுவார். அந்தப் பயத்தில் விடிவதற்குள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஓரிக்கை ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. அந்தப் பக்கத்து உழவு வண்டிகள் எல்லாம் டீசலுக்கு அங்கேதான் வரும். ஆள் வேண்டும் என்றார்கள். சம்பளம், சாப்பாடு, படுக்க இடம், எதையும் நான் விசாரிக்கவில்லை. டீசல் பம்பில் நிறுத்துங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.