நெடி வராத இரண்டு கிலோ மிளகாய்

சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் இரண்டையும் சல்லடை போட்டுத் தேடினாலும், மனிதர்களை ஒருமையிலும் மிளகாயை மரியாதைப் பன்மையிலும் விளிக்கும் இன்னொரு சமையற்காரரைக் கண்டுபிடிக்க முடியாது. அதிகாரியோ, பேராசிரியரோ, அவருக்கு எல்லாரும் ‘நீ’. மிளகாய் மட்டுமே ‘நீங்க’.

“செத்த தள்ளி உக்காருங்க. அந்தாண்ட இருக்கறவங்களுக்கும் பொகை வரட்டும்” என்று மொட்டை மாடியில் அவர் பணிவோடு பேசுவதைக் கேட்டு, யாரோ பெரிய மனிதர்கள் வந்திருக்கிறார்கள் போலும் என்று சட்டையைச் சரிசெய்துகொண்டு ஏறிப் போனேன். கம்பி வலையின்மேல் மிளகாய் இருந்தது. வேறு எவரும் இல்லை.

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்களில் யாருக்கும் அது தெரியாது. பிச்சாட்டூர்க்காரர். திருப்பதியில் ரேணிகுண்டா சாலையில் நாங்கள் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் மெஸ் நடத்துகிறார். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்குள்ள தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள்தாம் அவருடைய வாடிக்கையாளர்கள். ‘பொகை மேஸ்திரி’ என்று பெயர் சூட்டியவர்களும் அவர்களே.

பெயருக்குக் காரணம் மொட்டை மாடியில் அவர் வைத்திருந்த பாதியாக வெட்டிய தகர டிரம். அடியில் கனலும் மாங்கட்டை, அதன்மேல் வேர்க்கடலைத் தோல், மேலே கம்பி வலை, வலையில் பாதி உலர்ந்த சிவப்பு மிளகாய், எல்லாவற்றையும் மூடி ஓர் ஈரச் சாக்கு. இரண்டு பகல் புகை காட்டுவார். வெயிலில் காய வைத்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

“வெயிலு வெரட்டி வெரட்டி காய வெக்கும் சார். பொகை கூப்புட்டு உக்கார வெச்சு காய வெக்கும். நீ படிச்ச ஆளு, உனக்கு வித்தியாசம் தெரியவேணாவா?”

முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் சரித்திரம் கற்பித்தவன் நான். குடியிருப்போர் சங்கத்தின் தலைவனும்கூட. டிரம்மை அகற்றக் கோரி முறையான கடிதம் ஒன்றைத் தயாரித்து, தேதியிட்டு, கையொப்பமிட்டு, அவரிடம் நேரில் கொடுக்கச் சென்றேன். அவர் கடிதத்தை வாங்கவில்லை. ஒரு தட்டில் கேழ்வரகுக் களியை வைத்து, நடுவே குழி செய்து, அந்தப் புகை மிளகாயும் வறுத்த வேர்க்கடலையும் சேர்த்து அரைத்த துவையலை அதில் இட்டு, “மொதல்ல துன்னு. அப்பறம் படிக்கலாம்” என்றார்.

உண்டேன். காரம் நாக்கைத் தாக்கவில்லை. முதலில் எங்கோ தொலைவில் ஒரு தோப்பில் சருகு எரிக்கும் வாசம் வந்தது. பிறகு கடலையின் இனிப்பு. காரம் கடைசியில்தான், கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தது. கடிதத்தை நான் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அன்று முதல் காலை ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுப் பின்கதவு வழியாக ஒரு சிறு கிண்ணம் வரத் தொடங்கியது. இச்செய்தி சங்க உறுப்பினர்களுக்குத் தெரியாது.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோதுதான், இரண்டாம் மாடி பத்மாம்மா துணி உலர்த்த மேலே போனார். இறங்கி வந்தவர், பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாக என்னிடம் பதறினார்.

“மாஸ்டர் காரு, நெருப்பு மேல ரெண்டு கிலோ மிளகாய் கெடக்குது. கொஞ்சம் கூட காட்டம் ராலேது. ஒரு தும்மல் வரல.”

எங்கள் பக்கத்து வழக்கத்தை அறிந்தவர்களுக்கு அவருடைய நடுக்கம் புரியும். மிளகாயைச் சுற்றி நெருப்பில் போடும்போது நெடி ஏறி எல்லாரும் இருமினால், கண்ணேறு இல்லை. நெடி வராவிட்டால் திருஷ்டி பட்டிருக்கிறது. நாலு மிளகாய் நெடியடிக்காமல் போனாலே வீடு கலங்கும். இரண்டு கிலோ என்றால், அந்தக் கட்டடத்தின்மேல் ஊரே கண் வைத்திருக்க வேண்டுமல்லவா?

மாலைக்குள் பதினொரு வாசல்களில் பூசணிக்காய் தொங்கியது. மூன்றாம் மாடி வங்கிக்காரர் தம் புதுக் காரின் கீறலுக்குக் காரணம் இப்போதுதான் தெரிகிறது என்றார். லிஃப்ட் நின்றுபோனதற்கும் அதுவே காரணமாயிற்று. மேஸ்திரி குடிவருவதற்கு ஓராண்டு முன்பிருந்தே அது நின்றுகொண்டிருக்கிறது என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை.

ஞாயிறன்று வண்டி நிறுத்துமிடத்தில் அவசரக் கூட்டம். டிரம் திருஷ்டியைக் காட்டிக்கொடுக்கிறது என்றது ஒரு தரப்பு. அதுதான் திருஷ்டியை இழுத்துவருகிறது என்றது மறு தரப்பு. டிரம் போக வேண்டும் என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒன்று. தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் நான்.

டிரம்மையும் கனலோடும் மிளகாயோடும் அப்படியே கீழே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மேஸ்திரி அதன் பக்கத்தில் நின்றார்.

“எடுக்கணும்னா எடுத்துடறேன். ஆனா இந்தத் தொவையலுக்குத்தான் பசங்க ரேணிகுண்டாலேர்ந்து வண்டி போட்டுக்கினு வரானுங்க. இது இல்லன்னா மெஸ் இல்ல. நாளைக்கே ஊருக்குப் போய்க்கினே இருப்பேன்.”

புகை வேறு, தீ வேறு. மிளகாய் கருகினால்தான் நெடி எழும் என்று நான் எடுத்துரைத்தேன். நல்ல உரை. கல்லூரியிலும் இப்படித்தான், நல்ல உரைகளை யாரும் கேட்டதில்லை.

“அப்போ ஒண்ணே ஒண்ணு நெருப்புல போட்டுக் காட்டுங்க. காட்டம் வந்தா ஒப்புக்கறோம்” என்றார் பத்மாம்மா.

பிரச்சினை தீர்ந்தது என்று மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் வலைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

“அது மட்டும் ஆவாது சார். ரெண்டு நாளா பதம் பாத்து உக்கார வெச்சிருக்கேன். நெருப்புல தள்றதுக்கா? நான் போயிடறேன், அவங்கள உட்டுடு.”

ஒரு மிளகாய்க்காகப் பிழைப்பையே விடத் துணிந்த மனிதரோடு வாதிடுவதற்குச் சரித்திரத்தில் எனக்கு முன்மாதிரி எதுவும் கிடைக்கவில்லை. அவர் தோளைத் தாண்டிக் கையை நீட்டினேன். ஒன்றை எடுத்தேன். கனலில் போட்டேன்.

ஒரு விநாடி. ஒன்றுமில்லை. இரண்டு விநாடி. பத்மாம்மா என்னைப் பார்த்தார். ஆதாரமில்லாமல் எதையும் நம்பாதே என்று முப்பத்திரண்டு ஆண்டுகள் மாணவர்களுக்குப் போதித்தவன், மூன்றாவது விநாடியில், ஒரே ஒரு தும்மலை அருளும்படி ஏழுமலையானை வேண்டிக்கொண்டேன்.

வந்தது. அப்படி ஒரு நெடி நான் கண்டதில்லை. வங்கிக்காரர் தம் காரின்மேல் சாய்ந்து இருமினார். “ஒச்சிந்தி, ஒச்சிந்தி” என்று பத்மாம்மா இருமலுக்கு நடுவே சிரித்தார். நெடி வந்துவிட்டதாம், திருஷ்டி இல்லையாம். டிரம் இருக்கலாம் என்ற தீர்மானம், பேச முடியாதவர்கள் கைகளைத் தூக்கியதால், ஒருமனதாக நிறைவேறியது. கண்ணீர் வழிய அதை நான் பதிவு செய்தேன்.

மேஸ்திரி மட்டும் இருமவில்லை. கனலையே பார்த்துக்கொண்டு நின்றார். “நல்லவங்க சார் அவங்க” என்றார்.

நான்கு நாள் என் கிண்ணத்தில் வெறும் தேங்காய்ச் சட்னி வந்தது. ஐந்தாம் நாள் அவரே மாடியேறி வந்தார்.

“விஜயபுரத்துல தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணம். ஒரு வாரம் ஆவும். பொகையப் பாத்துக்க ஆளு வேணும். நீ நெருப்புல போடற ஆளுதான். இன்னா பண்றது, வேற ஆளு இல்ல.”

என் வயதுக்கும் நிலைக்கும் அது பொருந்தாது என்று தெளிவான சொற்களில் மறுத்தேன். மறுநாள் காலை, இஸ்திரி போட்ட சட்டையோடு, கடலைத் தோலை இரண்டு கைகளிலும் அள்ளிக்கொண்டு மொட்டை மாடியில் நின்றேன். சாக்கு உலராமல் நீர் தெளித்தேன். தீ எழும்போதெல்லாம் தணித்தேன். ஒன்றுகூடக் கருகவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை இறங்கி வந்தபோது, என் மனைவி சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, “மேஸ்திரி எப்போ வராராம்?” என்று கேட்டாள்.

“வியாழக்கிழமை, ரெண்டரை மணி பஸ்ஸுக்கு” என்று, அவள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.