வகிடு எடுக்கிற வரைக்கும்

"வழுக்கைங்கிறது ஒரு கம்பீரம்"னு மச்சான் முன்னாடி ஒரு மணி நேரம் சொற்பொழிவு ஆத்தினவன் நான். அவர் அன்னிக்குத் தலைக்கு சாயம் அடிச்சுட்டு வந்திருந்தார். வயசை ஒளிக்கிறவன் எல்லாம் ஒரு ஆளான்னு கேட்டு, அவர் கண்ணாடி முன்னாடி தலையைத் தடவிக்கிற மாதிரி நடிச்சும் காட்டினேன். மனுஷன் காபியைக்கூட முடிக்காம கிளம்பிட்டார்.

அப்படிப்பட்ட நான்தான் தலையில முடி நடுறதுன்னு முடிவு பண்ணினேன். மச்சானுக்குத் தெரிஞ்சா என் மானம் காலி. பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா மச்சானுக்குத் தெரிஞ்ச மாதிரி. அண்ணனும் தங்கச்சியும் ஒரு நாள் போன்ல பேசலைன்னா யாராவது ஒருத்தருக்கு ஜுரம் வந்துடும்.

அவ கண் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ், பக்கத்து ஆஸ்பத்திரியில எல்லாம் தெரிஞ்சவங்க. அதனால ஊரோட அந்தக் கோடியில ஒரு முடி கிளினிக்கா பாத்துப் பிடிச்சேன். வீட்டுல, ஆபீஸ்ல மூணு நாள் பயிற்சின்னு புளுகினேன். நல்லா கத்துக்கிட்டு வாங்கன்னு அனுப்பி வெச்சா. சிரைச்ச தலைக்கு என்ன காரணம் சொல்றதுன்னு அப்புறம் யோசிச்சுக்கலாம்னு விட்டுட்டேன்.

டாக்டர் பின்னந்தலையைச் சிரைச்சு, மரத்துப்போற ஊசி போட்டு, ஓட்டை வெச்ச கட்டில்ல என்னைக் குப்புறப் போட்டார். மூஞ்சி ஓட்டைக்குள்ள. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தரையும் நாலு ஜோடி செருப்பும்தான். மேல பேனா முனை அளவு ஒரு குழல் விர்ருனு சுத்துது. ஒவ்வொரு வேரா கிள்ளி எடுத்து, சில்லுனு இருக்கிற உப்புத்தண்ணித் தட்டுல போடுறாங்க. பக்கத்துல யாரோ மைக்ராஸ்கோப்ல பாத்து, ஒத்தை முடி வேர் தனியா, ரெட்டை முடி வேர் தனியா பிரிக்கிறாங்க.

மூணு மணி நேரம். என் வாய் சும்மா கிடக்குமா? மச்சானை விரட்டின கதையைச் சொன்னேன். பொண்டாட்டியை ஏமாத்தின கதையைச் சொன்னேன். "நல்லா கத்துக்கிட்டு வாங்க"ன்னு அவ சொன்னதை அவ குரல்லயே சொல்லிக் காட்டினேன். டாக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார். மைக்ராஸ்கோப் பக்கம் மட்டும் சத்தமே இல்ல. வேலையில அவ்வளவு கவனம் போலன்னு மெச்சிக்கிட்டேன்.

அப்புறம் மல்லாக்கத் திருப்பினாங்க. முடி நடுற பேனாவோட ஒரு முகமூடி என் நெத்திக்கு மேல குனிஞ்சுது. முகமூடிக்கு மேல ரெண்டு கண்ணு. இருபது வருஷமா என்னைப் பாத்து உருட்டுற அதே கண்ணு.

"நீயா?"

"அசையாதீங்க. முடி கோணலா முளைக்கும்."

முடி கிளினிக்குக்கு மைக்ராஸ்கோப் பழகின கை வேணுமாம். அதனால கண் ஆஸ்பத்திரி நர்சுகளைத்தான் கூப்பிடுவாங்களாம். லீவு நாள்ல அவ இங்க வர ஆரம்பிச்சு ஒரு வருஷமாச்சாம். சொன்னா நான் நடிச்சுக் காட்டுவேன்னு சொல்லலையாம். உள்ள வந்து என் பின்னந்தலையைப் பாத்ததுமே ஆளு யாருன்னு தெரிஞ்சுபோச்சாம்.

டாக்டர் டீ குடிக்கப் போன நேரம் பாத்து மெதுவா கேட்டேன். "உங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதம்மா."

"சொல்லல. ஆனா சமையல் இனிமே நீங்க."

"எத்தனை நாளைக்கு?"

"இப்ப நடுறேன்ல, இந்த முடியில நீங்க வகிடு எடுக்கிற வரைக்கும்."

எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு தாங்கல. முடி வேரோட தலைக்குள்ள போகுது. வளர ரெண்டு வாரம், மிஞ்சிப்போனா மூணு. பாவம், பொம்பளைக்குப் பேரம் பேசத் தெரியல. பேச்சு மாறக்கூடாதுன்னு அவகிட்ட சத்தியமே வாங்கினேன். ரொம்பப் பணிவா பண்ணிக் குடுத்தா.

மூணாவது வாரம். குளிக்கிறேன், கை நிறைய முடி. நட்டது அத்தனையும். வாரிப் பொட்டலம் கட்டிக்கிட்டு கிளினிக்குக்கு ஓடினேன். டாக்டர் அசரவே இல்ல. நட்ட முடி முதல்ல கொட்டத்தான் செய்யுமாம். வேர் உள்ள பத்திரமா தூங்குமாம். எட்டிப் பாக்கவே நாலு மாசம் ஆகுமாம், சீப்பு நிக்க ஒரு வருஷமாம்.

"உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமே சார்"னார். "வர்றவங்களுக்கெல்லாம் அவங்கதானே இதை விளக்கிச் சொல்றது."

இப்ப மூணாவது மாசம் நடக்குது. தலையில இன்னும் ஒண்ணும் முளைக்கல. கையில கரண்டி முளைச்சிருச்சு.