எண்பத்து நான்கு கேள்விகளும் ஒரு மதியச் சாப்பாடும்

எங்களிடம் ஷூ வாங்குகிற, ஜெர்மனியிலிருந்து வருகிற பையர் செவ்வாய்க்கிழமை மதியம் எங்கே சாப்பிடுவது என்பதை முடிவு செய்ய, ஆம்பூருக்கு வெளியே இருக்கும் எங்கள் ஷூ கம்பெனியில் முறைப்படி ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர், ஜெனரல் மேனேஜர் சம்பத் சார். உறுப்பினர், தரக்கட்டுப்பாட்டு மேனேஜர் பரணிதரன் சார். செயலாளர், ஆடிட் பேப்பர்களைப் பார்த்துக்கொள்ளும் ஹெலன், அதாவது நான்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்தரை மாதம். இன்னும் பதினைந்து நாளில் என்னை நிரந்தரம் செய்வார்கள், அல்லது வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒன்றேகால் வயசுக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறவளுக்கு அந்தப் பதினைந்து நாளையும் காலண்டரில் தினமும் எண்ணுவதே வேலை.

பையர் எழுதியிருந்தது ஒரே வரி. பக்கத்தில் ஏதாவது சாதாரண ஓட்டல் போதும், உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுகிற இடமாக இருந்தால் சந்தோஷம்.

இந்த வரியைக் குழு நாற்பது நிமிடம் ஆராய்ந்தது.

“சாதாரணம்னா இன்னாம்மா அர்த்தம்? நீ கான்வென்ட்ல படிச்சவதானே, சொல்லு” என்றார் சம்பத் சார்.

“சாதாரணம்னா சாதாரணம்தான் சார்.”

“அது நமக்கு. அவங்க சாதாரணம் வேற.”

பைபாஸில் புதிதாகத் திறந்திருக்கும் கஃபே முதலில் பரிசீலிக்கப்பட்டது. அங்கே சுவருக்குப் பூச்சு கிடையாது. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். பல்புகள் ஒயரில் தொங்கும். உட்காருவதற்கு மரப்பெட்டி.

“நம்ம பழைய குடோன் மாதிரியே இருக்கு சார். அதைத்தான் போன ஆடிட்ல மூடச் சொன்னாங்க” என்றார் பரணிதரன் சார்.

ஆடிட் என்ற சொல் காதில் விழுந்ததும் சம்பத் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்த ஃபாரத்தை வைத்து பையர் எங்களைச் சோதிக்கிறாரோ, அதே ஃபாரத்தை வைத்து ஓட்டல்களையும் சோதிப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. எண்பத்து நான்கு கேள்விகள். ஷூ தைக்கிற இடத்துக்கான கேள்வி சோறு போடுகிற இடத்துக்குப் பொருந்துமா என்று கேட்க வாயெடுத்தேன். பதினைந்து நாள் ஞாபகம் வந்தது. ஃபாரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பேரணாம்பட்டு ரோட்டில் நயீம் அகமது பாயின் பிரியாணிக் கடை. பகல் பன்னிரண்டு மணிக்கே கூட்டம் ஜாஸ்தி.

“புகார்ப் பெட்டி எங்கே பாய்?”

“நானே உக்காந்திருக்கேனேம்மா.”

“வேலை செய்றவங்க பாதுகாப்புக் கண்ணாடி போடறாங்களா?”

“வெங்காயம் உரிக்கறப்ப போட்டா நல்லாத்தான் இருக்கும்.”

“அவசர வழி?”

“பின்பக்கம் இருக்கு. ஆனா இதுவரைக்கும் யாரும் பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓடினதில்ல.”

நாற்பத்தொன்றாவது கேள்வி: மூலப்பொருளான விலங்கு எந்தப் பண்ணையில் வளர்ந்தது, சான்று உண்டா?

பாய் கரண்டியைக் கீழே வைத்தார். “இந்த ஆட்டோட தோல் உங்க கம்பெனிக்குத் தோல் குடுக்கற டேனரிக்குத்தாம்மா போச்சு. அங்க பேப்பர்ல இன்னா எழுதினாங்களோ, அதையே எழுதிக்க. ஒரே ஆடுதானே.”

ஒரு தட்டில் பிரியாணியும் ஓரத்தில் கத்திரிக்காயும் வைத்து நீட்டினார். சாப்பிட்டேன். அப்படி ஒரு பிரியாணி. அதை எழுத ஃபாரத்தில் இடம் தேடினேன். எண்பத்து நான்கிலும் ருசியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.

பாய் கடை எடுத்த மார்க் பத்தொன்பது. கஃபே முப்பத்தொன்று. சுற்றுவட்டாரத்தில் எண்பத்து நான்குக்கு எண்பத்து நான்கு எடுத்தது ஒரே இடம், எங்கள் கம்பெனி கேன்டீன். அதற்கு மாதாமாதம் மார்க் போட்டுக் கையெழுத்திடுவது நான்தான். வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவருவதால் உள்ளே போய்ச் சாப்பிட்டதில்லை.

குழு மனநிறைவோடு கேன்டீனைத் தேர்ந்தெடுத்தது. தலைவர் முன்னோட்டமாக அங்கே ஒரு வாய் சாப்பிட்டார். மென்றார். தட்டைத் தள்ளி வைத்தார்.

“இடம் ஆடிட்ல பாஸ். பாய் கடை வாயில பாஸ். ரெண்டையும் சேத்துட வேண்டியதுதான்.”

அன்று மாலையே நான் டைப் செய்த சுற்றறிக்கை: ‘வெளியிலிருந்து தருவிக்கப்படும் மேற்படி பிரியாணியானது, மேற்படி கேன்டீனிலேயே தயாரானதாகக் கருதப்படும்.’

செவ்வாய்க்கிழமை முதல் மூன்று வரிசைக்குப் பிரியாணி வந்தது. நான்காவது வரிசை தெரியாதபடி பூந்தொட்டிகள் வைக்கப்பட்டன. பையர் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். கத்திரிக்காயை மூன்றாம் முறையும் கேட்டார். பிறகு எதிரே இருந்த தையல் பிரிவு அமிர்தவள்ளி அக்காவிடம், தினமும் இப்படித்தானா என்று விசாரித்தார். தமிழில் சொல்ல வேண்டியவள் நான். சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தார். நான் சம்பத் சாரைப் பார்த்தேன். சார் பூந்தொட்டியைப் பார்த்தார்.

அக்கா தலையாட்டினார்.

பத்து நாளில் பையரிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. தொழிலாளர்களுக்கு நாள்தோறும் ஆட்டிறைச்சிப் பிரியாணி வழங்கும் எங்கள் கம்பெனி மற்ற நாட்டுக் கம்பெனிகளுக்கு முன்மாதிரியாம். ஆகவே எண்பத்தைந்தாவதாக ஒரு கேள்வி சேர்க்கப்பட்டிருக்கிறது: அதே உணவு தொடர்ந்து வழங்கப்படுகிறதா? தொழிலாளர்கள் அனைவரும் ஆமென்று கையொப்பமிட வேண்டும்.

அன்றே எனக்கு நிரந்தர ஆணையும் வந்தது. நிரந்தர ஊழியராக என் முதல் வேலை, முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்குவது. யாராவது ஒருவராவது பேனாவைத் தூக்கி எறிவார் என்று பயந்தேன். யாரும் எறியாதபோது அதைவிடப் பயமாக இருந்தது. கடைசியாக அமிர்தவள்ளி அக்கா.

“படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கக்கா.”

“இன்னாத்த படிக்கிறது. தெனமும் பிரியாணி போடறாங்கன்னு இருக்கும்.”

“ஆமாம்.”

“போட்டாச்சு. உனக்குப் பர்மனென்ட் ஆயிடுச்சாமே, சந்தோஷம் கண்ணு. நான் வந்து ஒம்பது வருஷம். அடுத்த ஆறு மாசத்துல ஆயிடும்னு சார் சொல்லியிருக்காரு.”

சாப்பாட்டு மணி அடித்தது.

“வா, பிரியாணி ஆறிடப் போவுது” என்று என் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

முதல் முறையாகக் கேன்டீனில் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டில் முள்ளங்கிச் சாம்பார். எதற்கோ அந்தப் பக்கம் வந்த பரணிதரன் சார், “எப்படிம்மா இருக்கு?” என்றார்.

மேசையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“கறி மட்டும் கொஞ்சம் கம்மி சார்” என்றேன்.