கடைசி அத்தியாயத்தில் லியனார்ட்

கதையைப் புதன்கிழமை முடித்துவிடுவதாக ஐவி வாக்குக் கொடுத்திருந்தாள். முடிவை அவளே செவ்வாய் சாயங்காலம்தான் படித்தாள். படித்த வேகத்தில் புத்தகத்தைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தாள்.

முந்நூற்று எண்பத்திரண்டு பக்க நாவல். ஹ்ருதயன் என்று ஒருவன், மேகவர்ஷினி என்று ஒருத்தி. பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதர்கள். அவன் மழையில் நனைந்தால் இவளுக்குத் தடிமன் பிடிக்கும். ஆனால் மனதில் இருப்பதை மட்டும் இருவரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். இதோ சொல்லப் போகிறான், இதோ சொல்லப் போகிறாள் என்று ஆசிரியர் இருபத்தொன்பது அத்தியாயம் இழுத்தார். முப்பதாவதில் அவன், "நமக்கு நட்பே போதும் வர்ஷினி" என்று சொல்லி ரயிலேறிப் போய்விட்டான். அவள் பிளாட்பாரத்தில் நின்று ஒரு தேநீர் வாங்கிக் குடித்தாள். முற்றும்.

இதை எப்படி அந்தப் பெண்களிடம் சொல்வது?

நோர்வூட்டுக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கும்போது போனில் பாட்டுப் போடக்கூடாது என்று துரை உத்தரவு போட்டிருந்தார். வாய்க்கு உத்தரவு போடவில்லை. ஐவி வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். ஐந்து வாரமாக, தினம் ஓர் அத்தியாயம் என்று பக்கத்து நிரைப் பெண்களுக்குக் கதை சொல்லி வந்தாள். வீரம்மா கதைக்கு நடுவே கேள்வி கேட்பாள். அழகம்மா அழுவாள். ராக்காயி வெற்றிலையை அடக்கிக்கொண்டு கொழுந்தைப் பறிப்பாள். ஒரு வார்த்தை பேசியதில்லை.

நாயகன் பெயர் முதல் நாளே வீரம்மாவுக்கு ஒத்துவரவில்லை.

"அது என்னா பேரு புள்ள, தும்முற மாதிரி? நம்ம லியனார்ட்டுன்னு வச்சுக்க. பொண்ணுக்கு ஒன் பேரையே வச்சிரு. எங்களுக்கு ஞாபகத்துல நிக்கும்."

ஐவி இரண்டு நாள் மறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் விட்டுவிட்டாள்.

லியனார்ட் அந்த மலையில் கொழுந்து நிறுக்கிறவன். முதலாம் வகுப்பிலிருந்து ஐவிக்குச் சிநேகிதன். கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை கிடைத்து, வருகிற ஒன்றாம் தேதி அட்டனில் ரயிலேறப் போகிறான். "நல்ல வேலைதானே, போயிட்டு வா" என்று முதலில் சொன்னவளே ஐவிதான். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். அவன் போவது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை; பிடிக்கவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதனால்தான் அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்தபோது, ஆசிரியர் தன் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து எழுதியதுபோல் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

இருந்தாலும் புத்தகத்தில் உள்ளதைச் சொல்வதுதான் நியாயம் என்று, புதன்கிழமை உள்ளபடியே சொல்லி முடித்தாள். மூவரும் வழக்கத்தைவிட வேகமாகக் கொழுந்தைக் கிள்ளினார்கள்.

பகல் நிறுவைக்குப் போனபோது விளைவு தெரிந்தது. வீரம்மா கூடையை லியனார்டின் காலடியில் போட்ட வேகத்தில் அவன் துள்ளி விலகினான். வழக்கமாக அவனுக்குப் பாதி ரொட்டி தருகிற அழகம்மா, அன்று அவன் கண் முன்னாலேயே அதை நாய்க்குப் போட்டாள்.

"என்னாக்கா கோவம்?" என்று கேட்டான் லியனார்ட்.

"ஒனக்கென்னா தம்பி, நீ ரயிலேறிப் போயிருவ. நின்னு டீத்தண்ணி குடிக்கிறவளுக்குத்தானே தெரியும்" என்றாள் வீரம்மா.

அவன் ஐவியைப் பார்த்தான். ஐவி தராசைப் பார்த்தாள்.

பாவம், அவன் என்ன செய்தான்? வியாழன் காலையில், கடைசி இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்ததாகவும், இப்போதுதான் பிரித்துப் படித்ததாகவும் ஐவி கூசாமல் சொன்னாள். லியனார்ட் ரொசல்லையில் இறங்கித் தண்டவாளத்தோடு நடந்தே திரும்பி வந்துவிட்டானாம்.

"வந்து?" என்றாள் அழகம்மா.

வந்தவனைச் சும்மா நிறுத்தி வைக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஐவி சொல்லிவைத்தாள்.

அன்று லியனார்டுக்குச் சம்பலோடு மூன்று முழு ரொட்டி கிடைத்தது. அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாயங்காலம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் தண்ணீர்க் குழாயடியில் யாரோ ஐவியின் அம்மாவிடம், ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வருகிறார்கள் என்று விசாரித்தார்கள். அம்மா மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே கடைக்குப் போய் நல்ல பிஸ்கட்டில் நாலு பாக்கெட் வாங்கி வந்துவிட்டார்.

இருட்டுமுன் லியனார்ட் வந்து வாசலில் நின்றான்.

"ஞாயித்துக்கெழம எனக்கு என்னா விசேஷம்?"

"அது சும்மா ஒரு கதை."

"கதைக்கு எங்கம்மா ஏன் சாரி அயன் பண்ணுறாங்க?"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று ஐவிக்குத் தெரிந்தது. தெரிந்தும், தலைவலி என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு வழிதான் தோன்றியது. மாப்பிள்ளை இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில், ஞாயிற்றுக்கிழமைக்குப் புதுச் சட்டை வாங்க டிக்கோயாவுக்குப் போன லியனார்டை ஒரு வளைவில் லொறி மோதியது. சம்பவ இடத்திலேயே முடிந்தது. அழகம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு அழுதாள்.

அன்று பார்த்து அடுத்த மலைப் பெண்களையும் அங்கே பறிக்க விட்டிருந்தார்கள். முந்தின இருபத்தொன்பது அத்தியாயமும் கேளாதவர்கள். அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் லியனார்ட், லொறி, டிக்கோயா. நிஜ லியனார்டும் போனை வீட்டில் வைத்துவிட்டு, தராசுக்குப் பேட்டரி வாங்க நோர்வூட்டுக்குப் போயிருந்தான். பத்தரை மணிக்குச் செய்தி லயத்தை எட்டியது. பத்தே முக்காலுக்கு, வழியில் வந்த, றுமைஸ் என்ற வெளியூர்க்காரனின் ஆட்டோவில் லியனார்டின் அம்மாவும் உறவுக்காரிகள் நாலு பேரும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள்.

நோர்வூட் சந்தியில் நின்ற லியனார்ட், தோட்டத்துச் சனம் அழுதுகொண்டு போவதைப் பார்த்து, கையைக் காட்டி நிறுத்தி, டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். றுமைஸுக்கு அவனைத் தெரியாது. பின்னால் இருந்தவர்கள் முந்தானையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. துக்க வீட்டு ஆட்களிடம் உடனே கேட்பது மரியாதை இல்லை என்று அவனும் ஒரு மைல் சும்மா வந்தான். பிறகுதான் திரும்பி, "யாருக்கு என்னாங்கம்மா?" என்று கேட்டான்.

அம்மா முதலில் அவனைக் கட்டிப்பிடித்தார். அதற்குப் பிறகு ஓர் அறை விட்டார்.

நாலு மணிக்கு அந்தக் கன்னத்தோடு அவன் ஐவியின் வாசலுக்கு வந்தான்.

"என்னைய ஏன் கொன்ன?"

ஐவி புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். யார் யார் பெயரை எங்கே போட்டது என்று சொன்னாள். அவன் நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் படித்தான். மெதுவாகப் படிக்கிறவன். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இவன் என்னா, மடையனா?"

"அவளுந்தான்."

"போகாதன்னு அவ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொல்லாமயே அவனுக்குத் தெரியும்னு நெனச்சிருப்பா."

"தெரியாது ஐவி." புத்தகத்தை மூடினான். "எனக்குத் தெரியாது."

இருபது வருஷச் சிநேகிதனிடம் பேச இவ்வளவு பயமா என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"அப்ப போகாத" என்றாள்.

அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். சந்தோஷத்தை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை.

"ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டான்.

சனிக்கிழமை காலை மலைக்குப் போனதும், ஐவி மூன்று பேரையும் நிறுத்தி வைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். புத்தகம் ரயிலோடு முடிந்துவிட்டது, ரொசல்லையும் லொறியும் தன் கைச்சரக்கு, ஐந்து வாரமாக நம்பிக் கேட்டவர்களை ஏமாற்றியது பெரிய தப்பு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இப்போது நிஜமாகிவிட்டது என்றாள். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

வீரம்மா அழகம்மாவைப் பார்த்தாள். அழகம்மா மலையைப் பார்த்தாள். ராக்காயி வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, அந்த ஐந்து வாரத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"மாத்தலாகிப் போன நிலக்ஷி டீச்சர் போன வருசமே இந்தக் கதைய எங்களுக்குச் சொல்லி முடிச்சிட்டாங்க புள்ள; முடிவு புடிக்காமத்தான் இந்தத் தடவ ஒங்க ரெண்டு பேரு பேரையும் போடச் சொன்னோம்."